கம்பி பச்சை, உலகம் சிவப்பு

கைரியாவைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது அவளுடைய பிடிவாதத்தைத்தான். அப்பாடா, அப்படியொரு பிடிவாதம்! நான் கணக்கு டீச்சர். பெயர் தவமணி. முப்பது வருடமாக ஊர்ப்பட்ட பிள்ளைகளோடு மல்லுக்கட்டியவள். என் வகுப்பில் ஒருத்தன் வாய் திறக்க மாட்டான். அப்படிப்பட்ட என்னையே இந்த மனுஷி ஒரு மாதத்துக்குள் அடக்கிப்போட்டாள்.

கட்டுகஸ்தோட்டைக்கு மேலே, ஆட்டோக்காரர்கள் பாதியில் இறக்கிவிட்டு "இதுக்கு மேல ஏறாது" என்று சொல்லுகிற ஏற்றத்தில் இருக்கிறது அவளுடைய வீடு. வாசலில் நீலக் கேற். கீழே அவள், மேல்மாடியில் வாடகைக்கு நான். புருஷன் முஹைதீன் ஹேவாஹெட்டப் பக்கமிருந்து மரக்கறி ஏற்றிவரும் லொறிக்காரர். ஒரு காலையில் ஸ்டியரிங்கில் கைவைத்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். மகன் முஹ்ஸின் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. கொழும்புக்கு வா, மாவனல்லைக்கு வா என்று சொந்தக்காரர் எல்லோரும் கூப்பிட்டார்கள். கைரியா அசையவில்லை. தேங்காய்ப்பாலும் முட்டையும் கலந்து வட்டலப்பம் அவித்து விற்றாள், கல்யாண வீடுகளுக்குச் சமைத்தாள், மகனைப் படிப்பித்துக் குவைத்துக்கு அனுப்பினாள். "என்ட வீட்ட உட்டுட்டு நான் எங்க போற?" இதுதான் அவள் எல்லோருக்கும் சொல்லும் ஒரே பதில்.

முஹ்ஸின் குவைத்துக்குப் போன கையோடு, டெலிபோன் லைனில் இன்டர்நெட் எடுத்து, வைஃபை பெட்டியையும் பூட்டிக் கொடுத்தான். உம்மாவின் முகத்தை ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டுமாம். அந்தப் பெட்டியால்தான் எனக்கும் அவளுக்கும் முதல் சண்டை வந்தது.

நான் குடிவந்த புதிது. கீழ் லைனையே மேல்மாடிக்கு நீட்டி எனக்கென்று ஒரு டெலிபோன் கொடுத்திருந்தாள். நான் யாழ்ப்பாணத்திலுள்ள தங்கச்சியோடு கதைக்கத் தொடங்கினால் போதும், கீழே முஹ்ஸினின் முகம் உறைந்துவிடும். அவள் படிக்கட்டின் அடியில் நின்று கத்துவாள். "டீச்சர்! போன வைங்கோ! மகன்ட வாய் தொறந்தபடி நிக்குது!" எனக்கு விசர் வரும். "நான் கதைச்சா உங்கட மகனுக்கு என்ன வந்தது? உங்கட பெட்டி பழுது!" என்பேன். டெலிபோன் கொம்பனிக்காரன் ஒருத்தன் வந்தான். சுவரைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், மழை என்றான், போய்விட்டான். கைரியா விடவில்லை. ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பார்த்தாள். என்னை மேலே நிறுத்தி, போனை எடு, வை, எடு, வை என்று உயிரை வாங்கினாள். கடைசியில் கீழே டெலிபோனுக்கு முன்னால் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி பூட்டியிருப்பதையும் மேலே அது இல்லை என்பதையும் கண்டுபிடித்தாள். கதைக்கிற சத்தத்தையும் இன்டர்நெட்டையும் பிரித்துவிடுகிற பெட்டி அது. ஒன்று வாங்கிக்கொண்டுவந்து பூட்டினாள். அதோடு சண்டை முடிந்தது. அன்று பின்னேரம் ஒரு கோப்பை வட்டலப்பம் மேலே வந்தது. கோப்பையைக் கழுவித் திருப்பிக் கொடுக்கப் போன நான் இரவுச் சாப்பாடு வரைக்கும் அங்கேயே இருந்து கதைத்துவிட்டு வந்தேன்.

வைஃபை பெட்டியில் நான்கு லைட். அவற்றுக்கு அவள் வைத்த பெயர்கள் கரண்டு, கம்பி, உலகம், காத்து. முதலாவது மின்சாரம். இரண்டாவது டெலிபோன் லைன் ஒழுங்காக வருகிறதா என்று காட்டுவது. மூன்றாவது இன்டர்நெட், நான்காவது வைஃபை. "கம்பி பச்ச, உலகம் செவப்பு" என்று அவள் சொன்னால், லைன் சரி, ஆனால் இன்டர்நெட் இல்லை என்று அர்த்தம். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், லைன் உள்ள வீடு அது ஒன்றுதான். அதனால் எதிர்வீட்டுச் சோமலதா உட்பட நாலைந்து வீட்டுக்காரர் அவளுடைய வைஃபையில்தான் தொங்கினார்கள். எல்லோரும் மதிலால் எட்டி "கைரியா, உலகம் என்ன நிறம்?" என்று கேட்கப் பழகிவிட்டார்கள். சோமலதா அதைச் சிங்களத்தில் கேட்பாள்.

பெட்டி முரண்டு பிடித்தால் பிளக்கைக் கழற்றிக் கொஞ்ச நேரம் பொறுத்துப் போட வேண்டும். கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு? தொழுகை முடிய விரலில் ஓதுவாளே, ஸுப்ஹானல்லாஹ் முப்பத்து மூன்று தரம், அவ்வளவு. ஒன்று குறைய மாட்டாள். யார் அவசரப்படுத்தினாலும் சரி. நான் ஒருமுறை பாதியில் பிளக்கைப் போட்டுவிட்டேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

கொம்பனிக்குப் போன் எடுத்தால் சிங்களத்துக்கு ஒன்றை அழுத்து, தமிழுக்கு இரண்டை அழுத்து என்று ஒரு குரல் சொல்லும். ஒன்றை அழுத்தினால் உடனே ஆள் வரும். இரண்டை அழுத்தினால் பாட்டுத்தான் வரும். கைரியா சிங்களம் கதைத்தால் சிங்களவர்களே அவளைச் சிங்களத்தி என்று நினைப்பார்கள், அவ்வளவு சரளம். ஆனாலும் இரண்டைத்தான் அழுத்துவாள். "தமிழுக்கு ரெண்டுன்னு அவங்கதானே சொன்ன? நானா சொன்ன? அப்ப எடுக்கோணும்." பாட்டைக் கேட்டுக்கொண்டே தேங்காய் துருவி முடித்துவிடுவாள். யாராவது எடுக்கும் வரைக்கும் வைக்க மாட்டாள். இப்படி ஒருத்தியை நான் என் ஆயுளில் கண்டதில்லை.

இனி அந்த மார்ச் மாதத்துக்கு வருகிறேன். இரண்டாயிரத்துப் பதினெட்டு. திகனப் பக்கம் முஸ்லிம்களின் கடைகளையும் வீடுகளையும் கும்பல் கும்பலாக வந்து எரித்தார்கள். பள்ளிவாசல்களையும் விடவில்லை. கண்டி முழுக்க ஊரடங்கு. போர் முடிந்து ஒன்பது வருடம், இனி நிம்மதி என்று நினைத்திருந்தேன். மலைக்கு அப்பால் புகை எழும்பியது. அந்தப் புகை எனக்குப் பழக்கம்.

புதன்கிழமை மத்தியானம். முஹ்ஸின் வழக்கமாக வாட்ஸ்அப்பில் வருகிற நேரம். வரவில்லை. கீழே கைரியா பெட்டியோடு மல்லுக்கட்டுவது எனக்கு மேலே கேட்டது. பிளக்கைக் கழற்றி முப்பத்து மூன்று ஓதிப் போட்டாள். நான்கு லைட்டும் பச்சை. ஆனால் வாட்ஸ்அப் அசையவில்லை. "எல்லாம் பச்ச! அப்ப என்னத்துக்கு வாறல்ல?" என்று பெட்டியைத்தான் ஏசினாள். அதே நேரம் என் ரேடியோவில் சொன்னார்கள், அரசாங்கம் பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டதாம். பழுது பெட்டியில் இல்லை, கொழும்பில்! நான் படிக்கட்டில் விழுந்தடித்து இறங்கினேன்.

"கைரியா, பொறுங்கோ! ஒண்டும் செய்யாதேங்கோ!"

பிந்திவிட்டது. முக்காட்டில் குத்தியிருந்த குண்டூசியைக் கழற்றி, பெட்டியின் பின்பக்கத்து ஊசி ஓட்டைக்குள் விட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேறு வழி இல்லாவிட்டால் மட்டும் தொட வேண்டிய ஓட்டை அது. அதை அழுத்தினால் பெட்டி தன் பெயரிலிருந்து எல்லாவற்றையும் மறந்து, கடையிலிருந்து வந்த நாளுக்குத் திரும்பிவிடும். லைட்டெல்லாம் அணைந்து மறுபடி எரிந்தன. கம்பி பச்சை. உலகம் சிவப்பு.

நான் ரேடியோச் செய்தியைச் சொன்னேன். அவள் அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள்.

"நல்லா ஈந்த பெட்டிய நானே கொன்னுட்டேன் டீச்சர்."

"உங்களுக்கு எல்லாத்திலயும் அவசரம்!" என்று எரிந்து விழுந்தேன். எனக்குப் பயம் வந்தால் இப்படித்தான் கோபமாக வரும்.

அரை மணித்தியாலத்தில் சாதாரணப் போனில் முஹ்ஸின் வந்தான். அவன் குரல் எனக்கும் கேட்டது, அப்படிக் கத்தினான். யாரோ அவனுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். மலைச்சரிவில் ஒரு வீடு எரிகிறது. நீலக் கேற். கட்டுகஸ்தோட்டைக்கு மேலே என்று எழுதியிருக்கிறதாம்.

"மகன், நான் வீட்டுல ஈக்கேன். நல்லா ஈக்கேன்."

"ஒப்பரேஷன் செஞ்ச நேரமும் இதையேதான் சொன்னீங்க உம்மா! ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துட்டு வட்டலப்பம் அவிக்கிறேன்னு சொன்னீங்க!"

அது உண்மை. நான்தான் பக்கத்தில் நின்றேன்.

அவன் முடிவு எடுத்துவிட்டான். நாளைக்கு ஊரடங்கைத் தளர்த்தினதும் மச்சான் தாஸிம் வேனோடு வருவான். உம்மா ஏறிக் கொழும்புக்குப் போக வேண்டும். ஏறாவிட்டால் அவன் வேலையைப் போட்டுவிட்டு அடுத்த ப்ளைட்டில் வருவான், வேலை போனால் போகட்டும். கைரியா போனை இறுக்கிப் பிடித்தாள்.

"என்னக் கண்ணால கண்டா நம்புவியா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். தான் விட்டுப்போன பழைய லெப்டொப்பில் வேறொரு வீடியோ வழி இருக்கிறது, அதை இன்னும் அடைக்கவில்லை என்றான். வீட்டையும் உம்மாவையும் அதில் கண்டால் தாஸிமைத் திரும்பிப் போகச் சொல்வான். காணாவிட்டால் வேன்தான்.

கைப்பேசி டேட்டா அந்த நாட்களில் எங்கள் பக்கம் கிடந்து இழுத்தது. ஒரு படம்கூடப் போகாது. ஆக, செத்துக் கிடக்கிற இந்தப் பெட்டி எழும்பினால்தான் கைரியா அவளுடைய வீட்டில் இருப்பாள். இல்லாவிட்டால் போக வேண்டியதுதான். போனவர்கள் திரும்பி வந்து பார்க்கும்போது என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை நான் அவளுக்குச் சொல்லத் தேவையில்லை.

வியாழக்கிழமை விடிய லெப்டொப்பை வயரால் பெட்டியோடு கொழுவினோம். பெட்டியின் உள்பக்கம் திரையில் வந்தது. கொம்பனி கொடுத்த பயனர் பெயர் என்ன, கடவுச்சொல் என்ன என்று கேட்டது. முதன்முதல் பூட்டின பையன் தானே அடித்துவிட்டுப் போனவன். எங்களுக்கு என்ன தெரியும்? கைரியா கொம்பனிக்குப் போன் எடுத்தாள். இரண்டை அழுத்தினாள்.

"இண்டைக்காவது ஒண்டை அழுத்துங்கோவன்!" என்று கும்பிடாத குறையாகக் கேட்டேன்.

"இண்டைக்குத்தான் டீச்சர் ரெண்ட அழுத்தோணும்."

பாட்டு வந்தது. பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே தாஸிமின் வேனும் வந்தது. நல்ல பிள்ளை, குற்றம் சொல்லக்கூடாது. வழியில் பார்த்ததில் முகம் வெளிறிப்போயிருந்தது. உள்ளே வந்ததும் வராததுமாகக் கேற்றில் ஒட்டியிருந்த மாஷா அல்லாஹ் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டத் தொடங்கினான்.

"மாமி, ஒங்கட வைஃபைக்கும் பேர் வச்சீந்தீங்களே. முந்தி வந்த நேரம் ரோட்டு முனையிலேயே என்ட போன்ல தெரிஞ்சிச்சி. 'கைரியா ஹவுஸ்'னு. போற வாறவன் எல்லாருக்கும் இது முஸ்லிம் வீடுன்னு காட்டுற மாதிரி. இப்ப நல்ல காலம், அது தெரியிறல்ல."

பெட்டி எல்லாவற்றையும் மறந்ததில் அந்தப் பெயரும் போய்விட்டது. இப்போது வெறும் எழுத்தும் இலக்கமுமாக ஏதோ ஒன்று தெரிந்தது. தாஸிமுக்கு அது நிம்மதி. எனக்கு அது நிம்மதியாக இல்லை. அவன் ஸ்டிக்கரைச் சுரண்டுகிற சத்தம் எனக்குப் பல்லைக் கூச வைத்தது.

எண்பத்து மூன்று ஜூலையில் எங்கள் வீடும் கண்டியில்தான். அப்பாவுக்குக் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம். கேற்றில் பித்தளைப் பலகையில் நவரட்ணராஜா என்று மூன்று மொழியிலும் வெட்டியிருந்தது. தமிழருக்கு எதிரான கலவரம் தொடங்கின அன்று அப்பா ஸ்க்ரூட்ரைவரை எடுத்துக்கொண்டு போய்ப் பலகையைக் கழற்றினார். நான் கம்பஸில் படித்துக்கொண்டிருந்தேன், பக்கத்தில் நின்று ஆணிகளைக் கையில் வாங்கினேன். அதன் பிறகு முகாம், கப்பல், யாழ்ப்பாணம், அங்கேயும் ஓட்டம். அப்பா மறுபடி கண்டிக்கு வரவே இல்லை. நான் பள்ளிக்கூட மாற்றம் எடுத்துத் திரும்பி வந்தேன். அந்த வீதியால் மட்டும் போகமாட்டேன். இதெல்லாம் கைரியாவுக்குத் தெரியும்.

"தாஸிம் தம்பி, அதை விடுங்கோ," என்றேன். கொஞ்சம் உரக்கவே சொல்லியிருக்க வேண்டும். அவன் நிறுத்திவிட்டான்.

பாட்டு நின்றது. ஒரு பெண்ணின் குரல். "வணக்கம், சொல்லுங்க."

கைரியா நடந்ததைச் சொன்னாள். அந்தப் பிள்ளை அடையாள அட்டை இலக்கம் கேட்டது, விலாசம் கேட்டது.

"கண்டியாம்மா? நீங்க நல்லா இருக்கீங்களா? எங்க வீடும் கண்டிப் பக்கந்தான், மடுல்கெல்ல. நேத்திலருந்து எங்க அம்மாகிட்ட நானும் பேசிக்கிட்டேதான் இருக்கேன்."

"நல்லா ஈக்கோம் மகள். என்ட மகன் அத நம்புறானில்ல. அதுக்குத்தான் இந்தப் பாடு."

"இருங்க, போட்டுறலாம்."

அந்தப் பிள்ளை எழுத்தெழுத்தாகச் சொன்னது, கைரியா சொன்னாள், நான் அடித்தேன். உலகம் சிவப்பு. மறுபடி அடித்தேன். சிவப்பு. தாஸிம் வாசலில் நின்று, நாலு மணிக்கு மறுபடி ஊரடங்கு, அதற்குள் மாவனல்லையையாவது தாண்ட வேண்டும் என்றான். கைரியாவின் பையை எடுத்து வேனில் வைத்தான். அந்தப் பிள்ளை போனில் சொன்னது, கடவுச்சொல் பழசு, நான் இங்கருந்து புதுசா மாத்துறேன், மாத்தினதும் பெட்டிய ஒருக்கா அணைச்சுப் போடுங்க என்று.

புதியதை அடித்தேன். கைரியா பிளக்கைக் கழற்றினாள். கண்ணை மூடி, பெருவிரலை மற்ற விரல்களின் கணுக்களில் வைத்து ஓதத் தொடங்கினாள்.

"மாமி, நேரம் போகுது!"

ஸுப்ஹானல்லாஹ். தாஸிம் வேனுக்குப் போய் ஹோர்ன் அடித்தான். ஸுப்ஹானல்லாஹ். என் கை பிளக்குக்குப் போகப் பார்த்தது, நானே அதை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். ஊரே எரிகிறது, மகன் அங்கே துடிக்கிறான், இந்த மனுஷி ஒன்றும் விடாமல் ஓதுகிறாள். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. முடித்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தாள். பிளக்கைப் போட்டாள்.

கரண்டு பச்சை. கம்பி மினுங்கி மினுங்கி நின்று, பச்சை. உலகம் சிவப்பு. சிவப்பு. சிவப்பு. பிறகு பச்சை.

"வந்திட்டுது!" என்று நான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கத்தினேன். போனில் அந்தப் பிள்ளை சிரித்தது. "மகன் கிட்ட பேசுங்கம்மா, கவனமா இருங்க," என்று வைத்தது.

லெப்டொப்பை வயரிலிருந்து கழற்றி வைஃபைக்கு மாற்றினோம். முஹ்ஸின் திரையில் வந்தான். சவரம் செய்யாத முகம், வீங்கின கண். கைரியா லெப்டொப்பைத் தூக்கினாள். முதலில் அடுப்படி. அடுப்பில் வட்டலப்பச் சட்டி இருந்தது, கலவர நாளிலும் அவித்திருக்கிறாள்! பிறகு முஹைதீனின் படம், படிக்கட்டு, மேல்மாடி, என் அலுமாரி, முற்றம், நீலக் கேற், பாதி சுரண்டின ஸ்டிக்கர். எதிர்வீட்டில் சோமலதா துணி காயப்போட்டுக்கொண்டு நின்றாள். இரண்டு நாளாகத் தன் வீட்டுக்காரனைக் கதிரையோடு எங்கள் கேற்றடியில் காவலுக்கு இருத்தி வைத்திருந்தவள் அவள்தான். வைஃபை வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டு லெப்டொப்பைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"கண்டுட்டியா மகன்?"

அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதான். "கண்டுட்டேன் உம்மா."

"இப்ப சொல்றேன், கேளு. நான் இந்த வீட்ட உட்டு எறங்கமாட்டேன். இது ஒங்க வாப்பா கல்லுக் கல்லா சேத்த வீடு. நான் ஈக்கிற வரைக்கும் இது வீடு. நான் எறங்கின அன்டைக்கு இது வெறுஞ் சுவர். நீ வேலையப் பாரு."

தாஸிம் பையை வேனிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து வாசலில் வைத்தான். முஹ்ஸின் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டான். "உம்மா, வைஃபைக்கு மட்டும் பழைய பேரப் போடாதீங்க. இலக்கமே ஈக்கட்டும். ஒருத்தருக்கும் தெரியத் தேவல்ல." தாஸிமும் ஓமோம் என்றான்.

கைரியா என் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், ஒங்க வாப்பா போர்ட கழட்டினாரே. பொறகு அவங்க வரல்லையா?"

"வந்தவை."

"யார்ட வீடுன்னு கேட்டாங்களா?"

"கேக்கேல்ல. அப்பாவைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டவை."

தாஸிம் நிலத்தைப் பார்த்தான். கைரியா லெப்டொப்பைத் தன் பக்கம் இழுத்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். கைரியா ஹவுஸ். முந்தி வைத்திருந்த அதே பெயர், அதே ஆங்கில எழுத்து.

அந்தப் பெட்டி ஒரே நேரத்தில் இரண்டு பெயரில் வைஃபை தரும். விருந்தாளிக்கென்று இன்னொரு பெயர் போட அதில் ஒரு இடம் இருக்கிறது. அதை அவள் இதுவரை பாவித்ததில்லை. இப்போது அந்த இடத்தில் குறி போட்டுவிட்டு, விரலை எழுத்துகளுக்கு மேலே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஒங்க வாப்பாட பேர எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கோ டீச்சர்."

எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டிச் சொல்லியிருப்பேன். அப்பாவின் பெயரை முதலில் ஒரு கடதாசியில் எழுதிப் பார்த்தேன். அவள் காத்திருந்தாள். நான் சொன்னேன், அவள் அடித்தாள். நடுவில் ஒரு எழுத்தை விட்டுவிட்டாள், நான் ஏசித் திருத்தினேன்.

தாஸிம் வெறும் வேனோடு போனான். போகுமுன் சுரண்டின ஸ்டிக்கரைத் தன் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து ஒட்டப் பார்த்தான். பாதிதான் ஒட்டியது. ரோட்டு முனையிலிருந்து போன் எடுத்து, இரண்டு பெயரும் அங்கே வடிவாகத் தெரிகிறது என்று சொன்னான். அவன் குரலில் பயம் இருந்தது.

நான் மேலே போய் என் போனைத் திறந்து பார்த்தேன். கைரியா ஹவுஸ். அதற்குக் கீழே நவரட்ணராஜா. முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு என் அப்பாவின் பெயர் கண்டியில் ஒரு வீட்டில். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பயமில்லை என்று சொன்னால் பச்சைப் பொய்.

நாலு மணிக்கு ஊரடங்குச் சட்டம் மறுபடி வந்தது. நானும் கைரியாவும் நீலக் கேற்றைப் பூட்டிவிட்டு உள்ளே வந்தோம். பெட்டியை அணைக்கவில்லை.